பம்ப் வாங்கக் கொடுத்த ஐந்நூறு

நீங்கள் கொடுத்த நோட்டில் கோடுகள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, பிரேமலதா மேடம். என் கையெழுத்து பெரியது, அதனால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன். தாராவி முனிசிபல் பள்ளியில் ஏழாவது வரை தமிழில் படித்தவன் நான். என் மகள் பரீஹா தமிழ்க் கடைப்பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் எழுதச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

யாருக்கெல்லாம் கெடுதல் செய்தீர்களோ ஒளிக்காமல் எழுதுங்கள் என்றீர்கள். இங்கே சொல்வது வெளியே போகாது என்று செம்பூர் ஆபீஸில் முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. சூதை விட வந்த நம் குழுவில் மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டியிடம் பொய் சொன்னேன், பிள்ளையின் ஃபீஸைக் கட்டவில்லை என்று அரைப்பக்கத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. தைக்கிற பையில்கூட உள் தையல் கோணினால் பிரித்துவிடுவேன்.

என் சங்கதி உங்களுக்குத் தெரியும். ஜெயினுலாப்தீன், நாற்பத்தாறு வயது, தோல்பை பட்டறை. கீழே நாலு மிஷின், மேலே பலகை போட்ட மாடி, ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி. போனில் ரம்மி ஆடியே மூன்று வருடத்தில் மனைவி மெஹராஜின் நகை, பட்டறையில் போட்ட முதலீடு எல்லாம் போயிற்று. பிறகு எனக்குப் பத்து ரூபாய் தரக்கூட ஆளில்லை. அப்போதுதான் தம்பி ஷாகிரை அனுப்பினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், எங்கள் வழக்கப்படி அண்ணனான என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். ஜமாத்தில் அவனைப் பிடிக்காதவர் இல்லை. ஏழு பேரிடம் போனான், ஏழு பேரும் கொடுத்தார்கள். மொத்தம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஓர் இடத்திலும் நான் போய் நிற்கவில்லை. கை நீட்டி வாங்கியது ஷாகிர்தான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.

அந்தப் பணமும் போனபோது மெஹராஜ் பரீஹாவைக் கூட்டிக்கொண்டு சான்பாடாவில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உங்களிடம் வந்தேன். பதினான்கு மாதம் ஆகிவிட்டது, ஒரு சீட்டு தொடவில்லை. என் போனைப் பட்டன் போனாக மாற்றிக்கொண்டேன். ஏடிஎம் கார்டை ஷாகிரிடம் கொடுத்தேன். காலையில் ஐம்பது ரூபாய் கொடுப்பான், சாயங்காலம் சில்லறை வரைக்கும் கணக்குக் கேட்பான். தம்பி அண்ணனிடம் கணக்குக் கேட்பது சங்கடம்தான். ஆனால் நீங்கள் சொன்ன முறை அது, நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மாதம் எட்டாயிரம் வீதம் ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவந்தோம். ஷாகிருக்கு பாண்டுப்பில் சஃப்ரீன் என்ற பெண்ணைப் பேசி மோதிரமும் போட்டிருந்தது. கடன் முடிகிற வரை கல்யாணம் வேண்டாம் என்று அவனேதான் தள்ளி வைத்தான்.

எட்டாயிரம் எட்டாயிரமாகக் கொடுத்தால் எப்போது முடியும் என்று நீங்கள் கேட்கலாம். மெஹராஜும் அதைத்தான் கேட்டாள். ஹஜ் பெருநாளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது போன் செய்தாள்.

"பெருநாளைக்குள்ள கடன்காரன் ஒருத்தன்கூட நம்ம வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அப்படி இருந்தா நானும் பிள்ளையும் வாறோம். இல்லாட்டி இங்கயே இருந்துக்கிடுதோம், இனிமே கூப்பிடாதிய."

அவள் சொன்னால் சொன்னதுதான். பரீஹா இல்லாத வீட்டில் பதினான்கு மாதம் சோறு தின்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அழுதேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம்தான் எங்கள் சந்தில் ஒரு தையற்காரர் இறந்துபோனார். எங்களில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருடைய மகனோ சகோதரனோ எழுந்து நிற்பார். மய்யித்துக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு, முடிந்தால் மன்னித்துவிடுங்கள் என்பார். தையற்காரரின் மகன் எழுந்து அதைச் சொன்னான். மூன்று பேர் கை தூக்கினார்கள். ஒருவருக்கு எண்பதாயிரம் வர வேண்டும். மூவரும், நாங்கள் பொருந்திக்கொண்டோம், கடன் இல்லை என்றார்கள். அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். எண்பதாயிரம் இல்லாமல் போயிற்று. நல்ல வழக்கம், மேடம். இறந்தவனைக் கடனோடு மண்ணுக்குள் அனுப்ப யாருக்கும் மனசு வராது.

நான் கடன் வாங்கினவன் இல்லையே, ஷாகிர்தானே என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது நினைத்தேன். நினைப்புதான். என் சாவையும் நினைத்துப் பார்த்தேன், ஆனால் என் பேரில் கடனே கிடையாதே, நான் செத்து யாருக்கு என்ன லாபம்?

ஷாகிருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை அவனுக்கு ஆகாது, ஒட்டுகிற வேலையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பெருநாள் சமயத்தில் பெரிய ஆர்டர் வந்தது, ஒட்டுகிற காரிகர் கூலி உயர்த்திக் கேட்டார். அவரை நிறுத்திவிட்டு ஷாகிரை உட்கார வைத்தேன். அவன் மறுக்கவில்லை. ஒட்டுகிற வேலை நடக்கும் மாடியில் வாடையை வெளியே தள்ளும் ஃபேன் பழுதானது, சரிசெய்ய ஆயிரத்தெண்ணூறு கேட்டார்கள். செலவு செய்யுமுன் தேவையா ஆசையா என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள் இல்லையா? எழுதிப் பார்த்தேன். ஃபேனை ஆசைப் பக்கம் எழுதினேன். அந்த ஆயிரத்தெண்ணூறும் கடனுக்குத்தான் போனது, என் பாக்கெட்டுக்கு இல்லை.

அவனுக்கு மூச்சிழுப்பு அதிகமானது. அவன் வாயில் வைத்து இழுக்கிற பம்பின் முதுகில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், இன்னும் எத்தனை இழுப்பு மீதி என்று அதில் எண் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை அது பன்னிரண்டு என்று காட்டியது. ஷாகிர் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு வருடத்துக்கு மேல் என் கையில் ஐந்நூறு வந்ததில்லை.

"நீங்களே போயி வாங்கிட்டு வாங்க, காக்கா. இனி ஒங்கள நம்பலாம்."

நான் வாங்கவில்லை. ரம்மியும் ஆடவில்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி நேராக உதுமான் மாமா கடைக்குப் போனேன். பிளாஸ்டிக் வியாபாரி, ஏழு பேரில் அதிகம் கொடுத்தவர் அவர்தான். ஐந்நூறை அவர் கையில் கொடுத்து, பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். கண் கலங்கி என் தோளைத் தட்டினார். ஷாகிரிடம் வந்து, பம்ப் ஸ்டாக் இல்லை, வெள்ளிக்கிழமை வரும், பணம் கட்டிவிட்டேன் என்றேன். அதற்கென்ன, மெதுவாக வரட்டும் என்றான்.

ஒரு நாளைக்கு நாலு இழுப்பு. எனக்குக் கணக்கு எப்போதும் வரும். வெள்ளிக்கிழமை காலையில் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

ஜும்மாவுக்கு மிஷின்களை நிறுத்தினோம், காரிகர்கள் குளிக்கப் போனார்கள். ஷாகிர் மேலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தோள் ரெண்டும் ஏறி இறங்கியது. கீழே வர முடியவில்லை என்றான்.

"பம்ப் வந்துருச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க, காக்கா. தொழுதுட்டே வாங்க, அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் இறங்கினேன். ரெண்டு டப்பா சொல்யூஷன் மேலே மூடியில்லாமல் இருந்தது, மூடியிருக்கலாம். அவன் போன் கீழே சார்ஜில் இருந்தது, காலையில் நான்தான் போட்டேன். ஏணியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன், பெருக்கும்போது தினமும் கழற்றுவதுதான். அன்று பெருக்கவில்லை. திருட்டு பயத்துக்காக ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். இழுப்பு வந்தவனால் கத்த முடியாது.

பள்ளிவாசலில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. ஆசை தலை தூக்கினால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பீர்கள், அதனால் சொல்கிறேன். பிரசங்கம் நடக்கும்போது வயிற்றில் அந்தக் குறுகுறுப்பு வந்தது. கடைசிச் சீட்டைத் திருப்புவதற்கு முன்னால் வருமே, அதேதான். பதினான்கு மாதம் கழித்து வந்தது. அவன் பிழைக்க மூன்று பங்கு, போய்விட ஏழு பங்கு என்று மனசு தானாகவே போட்டுக்கொண்டது. பிழைத்தால் அல்லாவின் நாட்டம், நான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் என் கையில் போன் இல்லை, பணம் வைக்கவில்லை. ஆகவே அதை விளையாட்டு என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

தொழுகை முடிந்து, வாசலில் நாலு பேரிடம் ஸலாம் சொல்லிவிட்டு, நடந்து வந்து ஷட்டரைத் தூக்கினேன். மேலே சத்தம் இல்லை. ஏணியை மாட்டிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். மாடி விளிம்புவரை அவன் தவழ்ந்து வந்திருந்தான். டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்தார், இழுப்பில் போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்தார். பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. நாலு வரிசை, ஐந்து வரிசை என்று கூட்டம் வாசல்வரை நின்றது. நான் முன்னால் போய் நின்றேன். ஏழு பேரும் வந்திருந்தார்கள், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டேன். என் தம்பி யாருக்கு என்ன தர வேண்டுமோ நான் பொறுப்பு, முடிந்தால் அவனை மன்னித்துவிடுங்கள் என்றேன். குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, மேடம். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான், எனக்கும் நெஞ்சு வலித்தது.

ஒரு கையும் எழவில்லை. கடைசியில் உதுமான் மாமா முன்னால் வந்தார்.

"ஷாகிர் பேர்ல எங்களுக்கு ஒரு பைசா பாக்கி இல்ல, ஜெயினு. பணம் கேக்க வந்த அன்னைக்கே, இது எங்க காக்காவுக்கு, நான் தூதுதான் வந்திருக்கேன்னு சொல்லிட்டான். போன ரம்ஜான்ல நாங்க ஏழு பேரும் கூடி, சரி, போவட்டும், ஒனக்கு விட்டுக் குடுத்துருவோம்னு பேசினோம். அவன்தான் வீடு வீடா வந்து கையப் புடிச்சுக் கெஞ்சினான். விட்டுக் குடுத்துராதிய மாமா, காக்கா அவரு கையால குடுத்து முடிச்சாத்தான் மறுபடி ஆட மாட்டாருன்னான்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், போன செவ்வாய்க்கிழமைகூட ஜெயினு தானாக வந்து ஐந்நூறு கொடுத்தான், திருந்திவிட்டான், அவனுக்காகவும் துவா செய்யுங்கள் என்று.

சூதாடியவன் கடனை வேறு யாரும் அடைக்கவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது, அவனே அடைக்க வேண்டும். ஷாகிரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அதை அவனிடம் சொன்னது நீங்கள்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிக்க ஏழு பேர் தயாராக இருந்திருக்கிறார்கள், நான் உயிரோடு இருக்கும்போதே, அவனும் உயிரோடு இருக்கும்போதே. கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போடும்போது எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம்.

ஆக, ஒளிக்காமல் எழுதிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன், நாலு நாள் எண்ணிப் பார்த்துச் செய்தேன். ஷாகிரைக் கொன்றது இழுப்பு இல்லை, நான்.

மற்றபடி காரியங்கள் ஒழுங்காகத்தான் நடக்கின்றன. சஃப்ரீன் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதை விற்று வந்ததை ஏழாகப் பிரித்துக் கொடுத்தேன், ஒரு பைசா வைத்துக்கொள்ளவில்லை. பெருநாளுக்கு முந்தின நாள் மெஹராஜ் பரீஹாவோடு வந்து இறங்கினாள். கடன் இன்னும் ஐந்து லட்சம் இருக்கிறதே என்றேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தம்பி பேரில் எது இருந்தாலும் நானே பொறுப்பு என்று சொன்ன மனுஷன் இனி ஆட மாட்டார் என்று அவள் அண்ணனே சொல்லி அனுப்பினாராம். கார்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது. காலையில் ஐம்பது ரூபாய் கொடுக்கிறாள். பெருநாள் அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மெஹராஜ் சோற்றைப் பிசைந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைப் பார்க்க ஷாகிர் இல்லாமல் போய்விட்டானே என்றாள். எனக்கும் அந்த ஒரு குறைதான்.