அழகான கையெழுத்து

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"என் புருஷன் சாகப்போறாருன்னு நாந்தான் பேப்பருக்கு எழுதி அனுப்பினேன்" என்றாள் சன்னலோரம் இருந்தவள். நான் அதற்கப்புறம் வெளியே பார்க்கவில்லை.

"என்னக்கா சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"அவர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். கவிதை எழுதினா, நாந்தான் நல்ல தாள்ல பாத்து எழுதி ஞாயிறு பேப்பருக்குப் போஸ்ட் பண்ணுவேன். இருபது வருஷமா. ஒண்ணும் புரியாது, எல்லாம் கடினத் தமிழ்லா."

"கேக்க மாட்டீங்களா?"

"பத்து தடவ படி, தானா புரியும்பாரு. பேக்டரிக்கு ஓடுறவளுக்கு ஒரு தடவைக்கே நேரமில்ல."

பஸ் சுங்கை வேயில் நின்று கிளம்பியது.

"கருமாதியில தமிழ்ப்பள்ளி வாத்தியார் அந்தக் கடைசிக் கவிதைய வாசிச்சு அர்த்தம் சொன்னாரு. வயித்துல கட்டி, டாக்டர் கைவிரிச்சது, எல்லாமே அதுல இருக்கு. எங்கிட்ட வெறும் கேஸ்டிரிக்னு சொன்ன மனுஷன்."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்லா."

"அந்தக் கவிதைய அன்னிக்கு நான் பாத்து எழுதி முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்து என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் போஸ்ட் ஆபீஸ் மூடிருவாங்கன்னு, தலை நிமிராம எழுதினேன்."

"அப்புறம்?"

"தாள வாங்கிப் பாத்தாரு. கையெழுத்து அழகா இருக்குன்னாரு."

பிரிக்பீல்ட்ஸில் இருவரும் இறங்கினார்கள்.