மூன்று கத்தியும் ஒரே அளவு

— ஃபியூஸ் கட்டையைப் புடுங்கி எதுக்குச் சட்டைப் பையில போடுதீங்க மிஸ்திரி? என் பலகையை இழைக்கணும்லா.

— மெஷின்ல கத்தி மாத்தப் போறேன் தங்கச்சி. மெயின்லேண்ட் கப்பல்ல ஹேடோ துறைமுகத்துக்கு இப்பத்தான் புதுசு வந்துச்சு. நான் கத்தியைத் தொடணும்னா கரண்ட்டு என் பைக்குள்ள இருக்கணும்.

— தங்கச்சியெல்லாம் வேண்டாம். சும்மா பேசுங்க, போதும்.

— அச்சா. இந்த டாலிகஞ்சுல எல்லாருக்கும் நான் வியாகுலம் அண்ணன். நீங்கதான் புதுசா மிஸ்திரிங்கிறீங்க.

— என் வாயில அதுதான் வருது. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில போட்டு நிக்கு, கடைக்குப் போன சித்தியும் வந்துருவா. பழைய கத்தியிலயே ஜல்தி தள்ளிக் குடுங்களேன்.

— மொக்கைக் கத்தியிலயா? அதுதான் கையைக் கேக்கும். படாக்கு மரம் இரும்பு. கத்தி ஏறலைன்னா பலகையை அமுக்கித் தள்ளணும். வழுக்குச்சுன்னா பலகை அங்கிட்டு, விரல் உள்ள.

— தெரியும். எங்க அத்தானுக்கு அப்படித்தான் ஆச்சு. மரமில்லுல கத்தி மாத்திக்கிட்டு இருக்கையில எவனோ சுவிச்சைப் போட்டுட்டான். வலது கையில பெருவிரல்தான் மிச்சம். அக்காதான் சோறு பெசஞ்சு ஊட்டுதா. அதைப் பாத்ததுலருந்து மெஷினு வச்சிருக்க ஆளுன்னாலே எனக்குக் குலை நடுங்கும்.

— அய்யோ பாவம்... அப்ப சொல்லுங்க, அவசரப்படலாமா?

— இல்ல, நீங்க வேலையைப் பாருங்க. அந்த மரக்கட்டையை வச்சு என்ன செய்யுதீங்க?

— கத்திக்கு அந்தப் பக்கத்து மேசையில கட்டையை வச்சுட்டு, உருளையைக் கையால மெள்ளச் சுத்துறேன். கத்தி கட்டையைத் தொட்டு ஒரு நெல்லு தூரம் இழுக்குதா? உருளையில மூணு கத்தி. மூணும் அதே தூரம் இழுக்கணும். ஒண்ணு தூக்கி நின்னா அது மட்டும்தான் வேலை செய்யும், மத்தது ரெண்டும் சும்மா சுத்தும்.

— எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரி.

— ஹா. இந்தா, மூணாவது கூடுதலா இழுக்குது. மறுபடி திருகைத் தளர்த்தணும்.

— அரை நெல்லுதானே கூட? இதுக்குப் போயி கழட்டுதீங்களா? மில்லுல கண்ணை மூடித் தொறக்குமுன்ன மாட்டிருவாங்க. போட்டு போயிரும் மிஸ்திரி.

— போகட்டும், அடுத்த போட்டுக்குப் போங்க. வேண்டாம்னா வேற கடையில குடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— சுவிச்சுக்கிட்ட நிக்கேன். தெரியாம என் கை பட்டுட்டா?

— பட்டாலும் ஓடாது. ஃபியூஸ் கட்டை பையில இருக்குல்ல? அதுக்காகச் சுவிச்சைப் போட்டுப் பாக்காதீங்க.

— பாக்கல. நீங்க முடிங்க.

— இப்பச் சரி. இனி இறுக்கணும். நடுவுல தோடா, ஓரத்துல தோடா, கொஞ்சம் கொஞ்சமா. ஒரேடியா இறுக்குனா கத்தி மேல ஏறிக்கும்.

— செபமாலை உருட்டுத மாதிரி ஒவ்வொரு திருகையும் திரும்பத் திரும்பத் தொடுதீங்களே. முதல்ல தொட்டது இறுகலையா?

— இறுகியிருக்கும். இருந்தாலும் தொடுவேன். சாயங்காலம் கை கழுவுறப்ப விரலை எண்ணிப் பாக்கிற பொழப்பு எனக்கு வேண்டாம்.

— நல்ல கை மிஸ்திரி உங்களுக்கு. மனசுல பட்டதைச் சொல்லுதேன். ஒரு ஆளு வேலை செய்யுததைப் பாத்துப் பயம் போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

— நீங்க ஒருத்தர்தான் அப்படிச் சொல்றது. மத்தவங்க லேட்டுன்னு திட்டுவாங்க. அச்சா, முடிஞ்சது. சாக்கைப் பிரிச்சுப் பலகையைக் குடுங்க... என்னம்மா இது? கண்ணாடியா இழைச்சு வார்னிஷும் அடிச்சிருக்கு. இதுல நான் இழைக்க என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அது எங்க வீட்டு அலமாரித் தட்டு. கழட்டிட்டு வந்தேன்.

— அலமாரியைக் கழட்டி எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?

— ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பொண்ணு பாக்க ஒரு வீட்டுக்கு வாறீங்கல்ல, அந்த வீட்டு அலமாரிதான். வரும்போது நீங்களே கொண்டாந்து மாட்டிருங்க. நான் மாப்பிள்ளை பாத்து முடிச்சாச்சு.