புகைக்கூடத்தில் மூன்று நாள்

கோப்பியில் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர். எனக்கு இனிப்புநீர் இருக்கிறது; பத்து வருடத்தில் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

பெயர் விஸ்வலிங்கம். சிறைத்துறையில் முப்பத்தொரு வருடம். ஓய்வுபெற்றதும் சிம்பாங் பூலாய்க்கு அப்பால், ஆளில்லாமல் கிடந்த ரப்பர் தோட்டத்தில் போதை மறுவாழ்வு இல்லம் தொடங்கினேன். லைசென்ஸ் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டதுமில்லை. முதலில் வேலி கிடையாது, ஓடினார்கள். வேலி போட்டேன். அப்போதும் ஓடினார்கள், பிடித்துவந்து வெயிலில் நிறுத்தினேன். அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான், ரப்பர் தாள்களைக் காய வைத்த பழைய புகைக்கூடம். ஜன்னல் இல்லை. முதல் முறை ஓடினால் ஒரு நாள், இரண்டாம் முறை இரண்டு, மூன்றாம் முறை மூன்று. காலையில் ஒரு குவளைத் தண்ணீர். எல்லாருக்கும் ஒரே சட்டம்.

யுகேந்திரனுக்கு அது மூன்றாம் முறை.

இரண்டாம் நாள் மதியம் அவன் தாய் மங்களம் ஆயர் தாவாரிலிருந்து பஸ் ஏறி வந்தாள், கையில் சோற்றுப் பொட்டலத்தோடு.

“மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிடுறேன் ஐயா.”

இப்போது பார்த்தால் அவன் மனசு கலைந்துவிடும் என்றேன். அந்த நேரம் பார்த்துப் புகைக்கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

“எம் மவன் கொரலு மாதிரி இருக்கே?”

“பெற்றவளுக்கு எல்லாக் குரலும் அப்படித்தான் கேட்கும், அம்மா.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜனம்.

மாலையில், இல்லத்தில் சமையல் பார்க்கும் தீபன் வந்து நின்றான். அவனும் அங்கே அடைபட்டவன்தான்.

“ஐயா, யுகேந்திரன் அண்ணே சத்தமே காணோம் லா. கதவத் தொறங்க.”

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. காலில் விழுந்தான். கெஞ்சினால் திறக்கிற கதவை எவன் மதிப்பான் என்று அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். கம்பியை எடுத்துப் பூட்டை உடைக்கப் போனான். அவனையும் கட்டிப்போட வேண்டியதாயிற்று. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை கதவடியில் தள்ளிய தண்ணீர் அப்படியே இருந்தது. ரோஷம் என்று நினைத்தேன். இல்லை, நினைத்தேன் என்பது சரியில்லை. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

நாள் முடிந்ததும் நானே திறந்தேன். கதவோரம் கிடந்தான். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

பூட்டியது நான். திறக்காமல் இருந்ததும் நான். அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்ற முப்பது பேரையும் நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களாமே. அதுதான் மனசு ஆறவில்லை. அவர்களுக்காக இவ்வளவு பாடுபட்டேன். ஒருவனாவது என்னிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம்.