வழக்கம்போல நாலு சட்டி தம்மடை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விசைத்தறித் தோழர்களே, கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் செயலாளர் வீட்டு உறவினர்களே, வணக்கம். பொருளாளர் மாரிக்கண்ணன் பேசுகிறேன். நம் செயலாளர் முகம்மது ரிபாயி அண்ணாச்சியைப் புகழ்ந்து எழுதிக்கொண்டுவந்த தாள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதைப் படிக்க எனக்கு முகமில்லை.

அண்ணாச்சி என்றால் யாருக்கு எது முதலில் நினைவுக்கு வருகிறது? தம்மடைதானே? கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் நறுக்கிப் போட்டு, முட்டை அடித்து ஊற்றி, மிளகு தூவி, சட்டிக்கு அடியிலும் மூடி மேலும் சிரட்டைத் தணல் வைத்து வேகவைப்பார். உம்மா வழி வந்த கைப்பக்குவம். எந்தக் கூட்டமானாலும் சங்கத்துக்கு அவர் வீட்டுச் சட்டி வந்துவிடும்.

கூலிப் பேச்சுவார்த்தை முறிந்து முதலாளிமார் எழுந்த நாள் நினைவிருக்கிறதா? "ஒரு துண்டு தின்னுட்டுப் போங்கவே, சண்டை எங்கன போயிரப் போகுது" என்று தட்டை நீட்டினார். உட்கார்ந்தார்கள். உயர்வு கிடைத்தது. "மேல தணலும் கீழ தணலும் ஒரே சூடா இருக்கணும் மாரிக்கண்ணா, ஒரு பக்கம் கூடுனா கருகிரும்" என்பார். நாம் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவோம். சட்டியைக் கழுவியது யார்? செயலாளர்தான்.

இனி சொல்லப்போவதைத் தலை நிமிர்ந்து சொல்ல முடியவில்லை. அவரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். பந்தல், மைக், நாற்காலி எல்லாம் சொல்லியாயிற்று. துணைச் செயலாளர் இசக்கித்துரை, கை பழகிய பழக்கத்தில், அண்ணாச்சி எண்ணுக்கே ஸ்பீக்கரில் போன் போட்டார். மகள் ஃபஹீமா எடுத்தாள்.

"நாளைக்குக் கூட்டம் மக்கா. வழக்கம்போல நாலு சட்டி தம்மடை."

"யாருக்குக் கூட்டம் மாமா?"

"வாப்பாவுக்குத்தாம்மா."

"சரி மாமா" என்றாள்.

இசக்கித்துரையை மட்டும் பார்க்காதீர்கள். நிர்வாகிகள் அத்தனை பேரும் சுற்றி இருந்தோம். ஒருவருக்காவது உறைத்ததா? "மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லும்" என்று பக்கத்திலிருந்து சொன்னது நான்.

துக்க வீட்டுக்கு நாம் சோறு கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனோமா? நம் ஒரு வீட்டிலிருந்தாவது ஒரு தூக்குவாளி போனதா? அந்த வீட்டில் நமக்காக அடுப்பு மூட்டச் சொன்னோம்.

சற்றுமுன் ஆட்டோவில் வந்து ஃபஹீமா சட்டிகளை இறக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை சொல்கிறாள்: "வாப்பா கை மாதிரி வரல மாமா. ஒரு பக்கம் லேசாக் கருகிட்டு. மன்னிச்சிருங்க." மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம். அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

திருப்பி அனுப்பினால் இன்னொரு தப்பாகிவிடும். ஆகவே தின்போம், கருகிய பக்கத்தையும் சேர்த்து. சட்டிகளை நிர்வாகிகள் கழுவுவோம். அண்ணாச்சி மனைவி ஹாலிதா மதினி, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்து வெளியே வரும்வரை, தினமும் நம்மில் ஒரு வீட்டிலிருந்து அங்கே சாப்பாடு போகும். நாளை என் வீட்டு முறை. அண்ணாச்சி விட்டுப்போன சங்க வேலையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த போனில் எத்தனையோ வருஷமாகக் கூட்டம் சொன்னோம், சட்டி சொன்னோம். "சாப்டியளா அண்ணாச்சி?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று வீடு போனதும் அந்த எண்ணுக்கு நான் பேசுவேன். ஃபஹீமாவிடம் அதைத்தான் கேட்பேன்.