மணிமொழி குடைந்த இரும்பு

தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஆதம்பாக்கம் நலச்சங்கத் தலைவர் சாய்நாத் அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற மகளின் பெருமை கேட்கப் பெரும்பாக்கத்திலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் என் அத்தை தாயம்மா உள்ளிட்ட தாய்மார்களே, வணங்குகிறேன்!

என் மனைவி மணிமொழிக்கு நீங்கள் போர்த்திய பொன்னாடையை என் தோளில் வாங்கி நிற்கிறேன். அவள் ஜெர்மனியில் இருக்கிறாள். நான் வேலு, தியாகராய நகரில் புடவை விரித்து வயிறு வளர்ப்பவன். அவளோ இரும்புக்குள் வெற்றிடம் வளர்ப்பவள்!

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள். அதைச் சூடேற்றிக் காற்றைப் பாய்ச்சினால், உள்ளிருக்கும் இரும்பு வெளியே விரைந்து வரும். ஆக்சிஜனோ மெல்லத்தான் உள்ளே நுழையும். விரைந்து வந்த இரும்பு ஓடாய் நிற்க, நடுவே வெற்றிடம் பிறக்கும். அதில் மருந்தை நிரப்பி, காந்தத்தால் இழுத்துப் புற்றுக்கட்டியிடம் சேர்க்க வேண்டும். அதுதான் அவள் கனவு.

அடையாறு ஆய்வகத்தில் சூடு கூடினால் ஓடு உடைந்தது. குறைந்தால் இரும்பு உள்ளேயே தங்கியது. அவள் உடைந்து உட்கார்ந்தாளா? இல்லை! மறுநாளும் முதல் ஆளாய்ப் போனாள். ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. போ என்று சொன்னவனும் நான். போகாதே என்று துடித்தவனும் நான்! விமான நிலையத்தில் சிரித்து அனுப்பிவிட்டு, ரயில் பழவந்தாங்கல் தாண்டுமுன் முகத்தை மூடிக்கொண்டேன்.

இன்றும் இருவருக்கு அரிசி போடுகிறது கை. மாம்பலம் ரயிலடிக் கூட்டத்தில் அவளைப் போல் யாராவது நடந்தால் தானாய்த் திரும்புகிறது கழுத்து.

சென்ற மாதம், கடையில் இருக்கும்போது அழைத்தாள்.

“உள்ள காலியா கீதுப்பா.”

கையிலிருந்த பட்டு நழுவியது. “ஒன்னும் வேணாம் மொழி, வந்துடு” என்றேன்.

“அய்ய, துகள சொன்னேன். மைக்ராஸ்கோப்ல பாத்துட்டேன். ஓடு ஒடையல, உள்ள காலி.” பிறகு மெல்லச் சொன்னாள்: “எனக்குள்ளயும்தான்.”

கை தட்டாதீர்கள் ஐயா. தட்டினால் அழுதுவிடுவேன்.

அங்கே அவள் வேலை ஒப்பந்தம் முடிகிறதாம். மருந்து நிரப்பிப் பார்க்க இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்களாம். என்ன செய்யட்டும் என்று கேட்டாள். வா என்றால் வந்துவிடுவாள். ஆசை அழை என்றது. அன்பு பொறு என்றது! எந்த ஊரிலோ, எந்தத் தாயோ, உடலுக்குள் ஒரு கட்டியோடு காத்திருக்கிறாள் அல்லவா? அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன்?

“மருந்த ஏத்திட்டு வா மொழி” என்றேன்.

ஏங்குகிறேன் பெரியோர்களே, இந்த நொடியும் ஏங்குகிறேன். ஆனால் அழைக்க மாட்டேன்! அவள் முடித்து வரும் நாளில் இம்மேடையில் அவளே பேசட்டும். நான் உங்கள் நடுவே அமர்ந்து கேட்பேன். பொறுமையோடு செவிதந்த உங்களுக்கும், அவளைப் பெற்றுத் தந்த அத்தைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.