ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்

சொட்டுகிற குழாயைக் கண்டால் எனக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் காது முதலில் அங்கேதான் போகும். பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய்க் குழாயை இறுக்கிவிட்டு வருவேன். "எங்கம்மாவோட கைவலி எல்லாம் ஊர்க் குழாயைத் திருகித் திருகி வந்தது" என்று என் மகள் கேலி செய்வாள். மேடம், உங்கள் அறை மூலையில் உள்ள குழாயும் சொட்டுகிறது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்திருக்கிறீர்கள். சொந்த வார்த்தை எழுதப் போய்த்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் மின்சார அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ, அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. ஓய்வு பெற்ற அதே வாரம் தம்பி வந்தான். "வீட்டுல உக்காந்து சுவரையா பாத்துட்டு இருக்கப் போற? வாக்கா, வந்து எங்க பட்டறையைப் பாத்துக்க." என் மகள் அதற்குள் அங்கே சேர்ந்திருந்தாள். போனேன். அன்று முதல் பட்டறையில் எல்லோருக்கும் நான் அக்கா.

நாங்கள் செய்தது வீட்டுச் சுவருக்கும் மேசைக்கும் பதிக்கிற பலகை. இடித்த கட்டடங்களிலிருந்து வரும் கழுவுதொட்டி, ஓட்டல்கள் தூக்கிப்போடும் கோப்பை, தட்டு, உடைந்த தரைக்கற்கள் எல்லாவற்றையும் நொறுக்கி, செடியிலிருந்து எடுத்த பிசினைச் சேர்த்து, அச்சில் அழுத்திச் சூடாக்குவோம். அச்சிலிருந்து வரும்போது பார்க்கச் சகிக்காது. அதன் முகத்தைப் பாலிஷ் மெஷினில் தேய்த்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஒரு கோப்பையின் நீலப் பூ, ஒரு தட்டின் தங்க விளிம்பு, எங்கோ ஒரு பாதி எழுத்து. குப்பையை இவ்வளவு அழகாக்க முடியுமா என்று வாங்க வருகிறவர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு பலகையோடும் ஒரு சிறிய அட்டை போகும். அதில் என்ன எழுதுவது என்று தம்பி திண்டாடிக்கொண்டிருந்தபோது, 'இந்தப் பலகைக்குள் நாற்பத்தொரு தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, "அக்கா, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றான். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு அப்படி ஒரு கேள்வி கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

அடுத்த வருடம், பெரிய கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஒரு பெண்மணி பட்டறையைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் பாராட்டினார். பாலிஷ் மெஷினில், சுழலும் கல்லின் மேல் ஒரு மெல்லிய குழாயிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகுது?" என்றார். தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த காலம் அது. தம்பி முகம் சுண்டிப்போயிற்று.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான்தான் சொன்னேன். "ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்னு அட்டையில ஒரு வரி போடு. போட்டுட்டா அப்புறம் செஞ்சுதானே ஆகணும்?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மறுவாரமே ஐயாயிரம் அட்டை அச்சாகி வந்துவிட்டது. அடியில் சிறிய எழுத்தில், 'வாசகம்: அக்கா'. ஒரு அட்டையை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது.

அட்டை வந்த மறுநாள் மெக்கானிக் வந்து மூன்று மெஷினிலும் தண்ணீர்க் குழாயைக் கழற்றினான். கழற்றும்போது ஏதோ சொன்னான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் காதில் விழவில்லை. உலர்ந்த தூசியால் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. இதை உங்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

தண்ணீர் நின்றதும் தரை காய்ந்தது. சேறு இல்லை, சாக்கடை அடைப்பு இல்லை. தூசிதான். மாவு மில்லுக்குள் நுழைந்தது போல இருக்கும். பாலிஷ் அறையில் இருந்த மூன்று பெண்களும் மத்தியானம் வெளியே வரும்போது புருவம், இமை, காதோரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

அந்த மூவரில் ஒருத்தியைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள். அவளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். வாயை மூடவே மாட்டாள். அதுவரை பேக்கிங்கில் இருந்தவள். பாலிஷ் அறையில் ஒரு இடம் காலியானது, அவளை அங்கே மாற்றினேன். தூசியோடு வெளியே வந்து நிற்பாள்.

"அக்கா, வயசாகாமலே நரைச்சுட்டேன் பாத்தீங்களா? நேத்து வீட்டுக்குப் போறேன், எங்க வீட்டுக்காரர் கதவைத் திறந்துட்டு, யாரு வேணும் பாட்டிங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"உங்க பொண்டாட்டி வர லேட்டாகும், அதுவரைக்கும் நான் இருக்கட்டுமான்னு கேட்டேன். வெக்கமே இல்லாம, சரி வான்னுட்டார்."

பட்டறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

முகத்தில் கட்ட மாஸ்க் கொடுத்தீர்களா என்று கேட்டீர்கள். கொடுத்தோம். துணி மாஸ்க், மேலே எங்கள் பட்டறையின் இலைப் படம் போட்டது. ஆனால் வாரம் இரண்டு முறை பார்வையாளர்கள் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுப்பார்கள். மாஸ்க் போட்டிருந்தால் ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தம்பி சங்கடப்படுவான். வண்டி வாசலில் நிற்கும்போதே நான் உள்ளே போய், "கழட்டுங்கம்மா, உங்க அழகு முகத்தைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் அவர்கள் போடுவதையே விட்டுவிட்டார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ரேடியோவுக்கு என்ன ஆயிற்று என்பதை வைத்தியர்கள் நெஞ்சைப் படம் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் படம் தேவைப்படவில்லை. நான் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள். முதல் வருடம் அவள் ஒரு கதையை ஆரம்பித்தால் மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி எல்லோரும் வந்துபோகும் வரை முடிக்க மாட்டாள். மூன்றாம் வருடம் கதையில் ஆட்கள் குறைந்தார்கள். எதிர்வீட்டுக்காரி வருவதே இல்லை. பிறகு வாக்கியம் குறைந்தது. "அக்கா, நேத்து என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கி, நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை, விடுங்க" என்பாள். ஐந்தாம் வருடம் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: "இப்பத்தான் இந்த ரேடியோ வால்யூமைக் குறைச்சிருக்கு." அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி முடிய நேரமாயிற்று. நான் அது முடியும் வரை நிற்கவில்லை.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். சீருடையோடு பட்டறைக்கு வந்து படத்தை மேசைமேல் வைத்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தூவியது போல் இருந்தது. தம்பி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பதமாகத்தான் சொன்னான்.

"வீட்டுல அடுப்புப் புகை ஏதாவது இருக்குமோ? பொம்பளைங்களுக்கு அதனாலயும் வரும்ங்கறாங்க."

"எங்க வீட்டுல சமைக்கறது நான் சார்" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் இல்லையே."

தம்பி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மற்ற இருவருக்கும் படம் எடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் அதேதான், கொஞ்சம் குறைவாக.

இப்போது உங்கள் விசாரணை ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது என்று விளக்கினீர்கள். நிர்வாகத்துக்கு எப்போது தெரிந்தது? முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று பெண்களின் வைத்தியமும் பட்டறையின் பொறுப்பு, ஆயுசு முழுக்க. தெரியாது என்றால் அது அவர்கள் தலைவிதி. தம்பி நேற்று உங்கள் வாசற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்க்கா. நமக்கு நிஜமாவே தெரியாதுதானே?" என்றான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது. அவன் மேல் பழி போடாதீர்கள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் சொல்லவில்லை.

உங்களிடமிருந்து கிளம்பி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், மன்னிப்பே கேட்காமல், மன்னித்துவிட்ட ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். ரேடியோ தலையணைகளை அடுக்கி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் மூச்சைச் சேர்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகச் சேர்த்தாள்.

"பாப்பா... நல்லா... இருக்காளா?"

பாப்பா என்பது என் மகள். அவளும் முதலில் பாலிஷ் அறையில்தானே இருந்தாள், அவளுக்கும் ஏதாவது வந்திருக்குமோ என்று இவளுக்குக் கவலை.

நல்லா இருக்கா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக, தலையை ஆட்டினாள்.

மேடம், நான் மேலே ஒரு இடம் காலியானது என்று எழுதியிருக்கிறேன். இடம் தானாகக் காலியாகாது. என் மகளுக்கு அந்த வேலை கையில் வந்திருந்தது. பலகையில் எங்கே அழுத்தினால் பூ வெளியே வரும் என்று விரலாலேயே கண்டுபிடிப்பாள். அவளை எழுப்பி, அட்டை ஒட்டும் மேசையில் உட்காரவைத்தேன்.

"ஏம்மா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"உன் தோலுக்கு ஒத்துக்கலை. அரிக்குதுன்னு சொன்னியே."

"எப்போ சொன்னேன்?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு மறந்துவிட்டாள். சென்ற மாதம் அந்தப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. "அம்மா, எனக்கு எப்பவுமே அரிக்கலையே" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதில்லை.

அவள் எழுந்த நாற்காலிக்கு யாரை அனுப்புவது என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. ரேடியோ சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், "ஏன்க்கா என்னை நாடு கடத்தறீங்க?"

"இங்க உன் பேச்சைக் கேட்டு எல்லாரும் வேலையை விட்டுடறாங்க. அங்க மெஷின் சத்தத்துல நீ எவ்வளவு வேணா பேசு, யாருக்கும் கேக்காது."

"அப்போ சரி" என்று தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்று காலை நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், குரலை உயர்த்தாமல். குழாயைக் கழற்றும்போது மெஷின் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று. அதற்கு நான் தண்ணீர் குடிக்கக் கேட்டேன்.

மெஷின் ஓடவில்லை. பெண்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் மெக்கானிக்கும் நானும்தான். அவன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கி, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அக்கா, தண்ணியை நிறுத்தாதீங்க. நனைஞ்ச தூசி தரையில விழும். காஞ்சது நெஞ்சுக்குள்ள போகும். போனது வெளியே வராது. எங்கப்பா கல் அறுக்கற இடத்துல இருந்தார். கடைசி ரெண்டு வருஷம் உக்காந்துட்டேதான் தூங்கினார்."

அன்றைய தேதி உங்களுக்கு வேண்டியிருக்கும். அட்டை அச்சாகி வந்த மறுநாள். அச்சகத்துச் சீட்டில் தேதி இருக்கும். அதிலிருந்து மூன்றாம் நாள் என் மகளின் நாற்காலியை மாற்றினேன். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. முதல் பக்கங்களில் தெரியாது என்றும் காதில் விழவில்லை என்றும் எழுதியிருப்பதை நானே அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவன் சொன்னது ஒரு சொல் விடாமல் கேட்டது. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. குழாய் மட்டும் கடைசியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஐயாயிரம் அட்டையும் கட்டுக் கட்டாக இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். பிறகு அவனிடம், "சரிப்பா, நீ கழட்டு" என்றேன்.