கோதண்டத்துக்கு ரஷ்ய பாஷை

எனக்குப் பாஷை சீக்கிரம் வந்துவிடும், டாக்டர். பெருமைக்காகச் சொல்லவில்லை, வளர்ந்த இடம் அப்படி. அப்பாவுக்கு ஆவடியில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு வலப்பக்கம் மலையாளிகள், இடப்பக்கம் தெலுங்குக்காரர்கள், எதிரே ஒரு பஞ்சாபிக் குடும்பம். பாவாடை கட்டும் வயதிலேயே எல்லார் வீட்டிலும் அவரவர் பாஷையில் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

அவர் வெளியே பெஞ்சிலேயே இருக்கட்டும். அவருக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது, பிறகு எதற்கு இத்தனை வருஷமாக மெஷின் மாட்டியிருக்கிறார் என்று கேட்டீர்கள். நீங்கள் பூந்தமல்லிக்குப் புதிது. பழைய டாக்டர் இதைக் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் ரஷ்ய பாஷையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கோதண்டம் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருந்தார். திருமுல்லைவாயில்தான் சொந்த ஊர். அவர் அப்பா பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் ஐ.டி.ஐ. படித்து மெஷினைத் தொட்ட முதல் ஆள் இவர்தான். எண்பத்தேழில் அந்தக் கம்பெனிக்கு சோவியத்திலிருந்து ஒரு பெரிய பிரஸ் மெஷின் வந்தது. அதை இங்கே பொருத்திக் கொடுக்க பாவெல் என்று ஒரு எஞ்சினியரும் கூட வந்தார். மெஷினைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இங்கிருந்து ஒருவரை ஒரு வருஷம் அங்கே அனுப்புவதாக ஏற்பாடு. கொஞ்சம் ரஷ்ய மொழி பேசத் தெரிந்தால் போதும் என்று சொல்லி, ஆசைப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு செட் கேசட் கொடுத்தார்கள். ஆரம்பப் பாடங்கள். ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் விளக்கும், ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில் சொல்லும். பிறகு நாம் திருப்பிச் சொல்ல இடைவெளி விடும்.

அவருக்கு அந்த இங்கிலீஷே பிடிபடவில்லை. டேப்ரிக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார். நான் அடுப்படியிலிருந்தே திருப்பிச் சொல்லிவிடுவேன். வணக்கம், நன்றி, என் பெயர் இன்னது, ஸ்டேஷன் எங்கே இருக்கிறது. கறிவேப்பிலை உருவிக்கொண்டே வந்துவிட்டது. ஒருநாள் அவர் டேப்பை நிறுத்திவிட்டு, "நீயே கேட்டு எனக்குச் சொல்லிக்குடு வனஜா. உன் வாயால சொன்னா மண்டைல ஏறுது" என்றார். அதிலிருந்து பகலில் நான் கேட்பேன், வேலை விட்டு வந்ததும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் நான். காலேஜ் கேட்டேன், அப்பா கல்யாணம் செய்துவைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் குழம்புக்கு உப்பு சரியா என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது ஒரு மனுஷன் என் முன்னால் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு பாடம் முடியும்போதும் ஒன்று தோன்றும். பாஷை தெரிந்தவள் நான், விமானம் ஏறப்போவது அவர்.

அவர் போவது ஏன் பிடிக்கவில்லை என்று தெருவில் கேட்டால் வேறு காரணம் சொல்வேன். துபாய் போய்த் திரும்பி வராத புருஷன்மார்கள் எங்கள் பக்கம் உண்டு, அந்தப் பயம் என்று. பயமும் இருந்தது. இல்லாமல் இல்லை.

சாப்பாட்டு மேசைப் பாடம் ஒன்று. விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள். 'யிஷோ' என்றால் இன்னும் கொஞ்சம். 'ஹ்வாதித்' என்றால் போதும். அந்த இரண்டை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். இண்டர்வியூவில் உளறட்டும், இவன் தேறமாட்டான் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மற்ற எல்லாம் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். நம்பலாம். அவர் மறுபடி போட்டுக் கேட்டுவிடக் கூடாதே என்று அந்தக் கேசட்டிலிருந்து டேப்பை உருவிக் கசக்கினேன். டேப் சிக்கிக்கொண்டது என்றேன். பென்சில் விட்டுச் சுற்றிப் பார்க்கலாம் என்றார். வேண்டாம், எல்லாம் எனக்கு மனப்பாடம் என்றேன்.

இண்டர்வியூவில் அந்த வார்த்தைகள் வரவே இல்லை. இவர் வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, என் மனைவி நன்றாகச் சமைப்பாள் என்றும் சொன்னாராம். பாவெல் சிரித்து, முதுகில் தட்டி, இவரே போதும் என்றுவிட்டார். மறுநாளிலிருந்து பாஷை தெரிந்த ஆள் என்று இவரைப் பாவெலுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மாற்றிச் சொல்லிவிட்டேன், எனக்கே குழம்பிவிட்டது என்றால் முடிந்தது. தினமும் டிபன் பாக்ஸை மூடும்போது சொல்ல நினைப்பேன். எனக்குக் குழம்பிவிட்டது என்பது மட்டும் வாயில் வராது.

கன்னியப்பனை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதே கம்பெனியில் ஹெல்பர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னை அண்ணி என்று கூப்பிடுவான். அன்று பிரஸ் மெஷினுக்குள் பெரிய இரும்பு அச்சு ஒன்றை இறக்கினார்கள். கிரேன் பட்டன் இவர் கையில். அச்சுக்கு அந்தப் பக்கம் பாவெல். அவர் முகம் இவருக்குத் தெரியாது, குரல்தான் வரும். அச்சு உட்காரும் இடத்தில் கட்டை வைக்கக் கன்னியப்பன் உள்ளே குனிந்திருந்தான். பாவெல் ஹ்வாதித் என்றார். இவர் இறக்கினார். பாவெல் கத்தினார். அவசரப்படுகிறாராக்கும் என்று இவர் இன்னும் இறக்கினார். ஷெட்டில் மற்ற மெஷின்களின் சத்தம் வேறு. கன்னியப்பனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஹ்வாதித் என்றால் போதும் என்றுதான் அர்த்தம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டார். நான் போதும் என்றுதானே சொல்லிக் கொடுத்தேன், உங்களுக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்கிறது என்றேன்.

வேலை போனது. அதைவிட, எது கேட்டாலும் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. கண்டக்டர் சொன்னதை இரண்டு முறை கேட்பார். பிறகு என் பக்கம் திரும்பி, அவன் இன்னா சொன்னான் என்பார். ரயில் ஸ்டேஷனில் அறிவிப்பு வந்தால் வெளிறிப்போய் என் கையைப் பிடித்துக்கொள்வார். டவுனில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதில் ஒன்றும் இல்லை, மனசைப் பாருங்கள் என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். காது மந்தமாகியிருக்கிறதாம், மெஷின் வேண்டுமாம் என்று இவரிடம் நான் தமிழில் சொன்னேன். அன்று அவர் அழுத அழுகை. துக்கத்தில் இல்லை, டாக்டர், நிம்மதியில். காது கெட்டுப்போனதால்தான் அப்படி நடந்தது என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா. அவருக்கு அதை நான் கொடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

மெஷினை மாட்டிக்கொண்டு நேராகக் கன்னியப்பன் வீட்டுக்குப் போனார். கன்னியப்பன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் காலில் விழுந்தார். அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்து, "உனுக்குக் காது கேக்கலன்னா நீ இன்னா பண்ணுவ அண்ணாத்தே. எழுந்திரு" என்றாள். எனக்கும் அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

அந்த நாடே இப்போது இல்லை. அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். இவர் ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். அங்கே யாரும் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் திருவேற்காடு போகிறேன். அம்மன் முன்னால் நிற்கும்போது எனக்கு எந்தப் பாஷையும் வருவதில்லை.

அவருக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். இதை மட்டும் சொல்லாமல் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வந்தது. அது நடப்பதற்கு முந்தின நாள் காலையில். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். பாவெலுக்கு டீ ஊற்றும்போது அவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு ஹ்வாதித் என்கிறாராம். "அப்போ போதும்னுதானே அர்த்தம் வருது? இன்னும்னு நீ சொன்னியே" என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்காமல், அவர் காதாலேயே கேட்டு, அவராகவே சரியாகக் கண்டுபிடித்திருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார், நான் சொன்னதுதான் சரி, போய்வாருங்கள் என்றேன்.

விசாரணை முடிந்து வந்த அன்று, உங்களுக்குத்தான் தப்பாகக் கேட்டது என்று நான் சொன்னதும் அவர், "நடக்கறதுக்கு மொத நாளு காலைல உன்னக் கேட்டனே வனஜா" என்றார். அப்படி நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டி, "ஆமா, கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.